ரெண்டு சுத்துக்கு மேல வேண்டாம்

தெர்சா: இந்த இறகு கௌதாரி இல்ல, கில்பர்ட்.

கில்பர்ட்: கௌதாரிதான்.

தெர்சா: கோழி.

கில்பர்ட்: கௌதாரின்னு சொல்லித்தானே குடு... சுட்டேன்.

தெர்சா: சொல்லிட்டுச் சுட்டீங்களா? பேரு கேட்டுக்கிட்டா?

கில்பர்ட்: விடியல் நேரம், மிஸ் ஆல்டர்சன். மேட்டுல ஒரே பனி. சரியா தெரியல.

தெர்சா: எப்ப?

கில்பர்ட்: நேத்து.

தெர்சா: ஏப்ரல்ல கௌதாரி சுட்டீங்களா! பிப்ரவரி பொறந்துட்டா அது மேல துப்பாக்கியே தூக்கக் கூடாது. எஸ்டேட் காவல்காரன் காதுல விழுந்தா உள்ள தூக்கி வச்சுடுவான்.

கில்பர்ட்: நேத்துன்னா... நேத்து எடுத்தேன். ஜனவரில சுட்டது. பரண்ல கிடந்துச்சு.

தெர்சா: அப்ப பனி?

கில்பர்ட்: பரண்ல கொஞ்சம் இருட்டு.

தெர்சா: ம்... இங்க பாருங்க. இந்த மூணு இறகுதான் கௌதாரி. தவிட்டு நிறம், மேல புள்ளி புள்ளியா. மத்தது பூராவும் கோழி. உங்க பண்ணையில ஏதோ ஒரு கோழி இன்னைக்குக் குளிர்ல நடுங்கிட்டு நிக்குது.

கில்பர்ட்: மூணு போதாதா?

தெர்சா: மூணு தூண்டில் ஈக்குப் போதும். ஒரு ஈக்கு ஒரு இறகு. மூணு வருஷமா வெள்ளிக்கிழமை தவறாம வந்து வாங்கிட்டுப் போறீங்க, இன்னுமா அது தெரியல?

கில்பர்ட்: தெரியும். உங்க வாயால கேட்டா நல்லா இருக்கும்னு... அதாவது, தெளிவா இருக்கும்னு. கடையில யாரையும் காணோமே?

தெர்சா: ஆடெல்லாம் குட்டி போடுற மாசம். ஊரே பட்டியில கிடக்கு. தபாலாபீசுக்கு யாரு வருவா? மத்த கடைக்காரங்களா இருந்தா இந்நேரம் ஈ ஓட்டிக்கிட்டு இருப்பாங்க. நான் ஈ கட்டிக்கிட்டு இருக்கேன். உங்க ஆடு குட்டி போடலையா?

கில்பர்ட்: போடுது. அம்பத்தி ரெண்டு ஆச்சு.

தெர்சா: அதை விட்டுட்டு வந்தீங்களா?

கில்பர்ட்: வெள்ளிக்கிழமையாச்சே.

தெர்சா: ஆமா, வெள்ளிக்கிழமை. சரி, போன வாரம் நாலு ஈ கட்டிக் குடுத்தேனே, எப்படி இருந்துச்சு?

கில்பர்ட்: பிரமாதம்.

தெர்சா: எத்தனை மீன் விழுந்துச்சு?

கில்பர்ட்: அஞ்சு.

தெர்சா: எல்லாம் ட்ரௌட்டா?

கில்பர்ட்: ட்ரௌட்தான். வேற என்ன?

தெர்சா: எந்தப் பக்கம்?

கில்பர்ட்: பாலத்துக்குக் கீழ. செவ்வாய்க்கிழமை.

தெர்சா: செவ்வாய்க்கிழமையா? திங்கள் ராத்திரி மேட்டுல பேய் மழை. செவ்வாய் முழுக்க ஆறு கட்டன் டீ மாதிரில்ல ஓடுச்சு!

கில்பர்ட்: அதான் மீனுக்கு என் மூஞ்சி தெரியல.

தெர்சா: சரிதான். எவ்வளவு பெருசு?

கில்பர்ட்: இந்தா... இவ்வளவு.

தெர்சா: கில்பர்ட், நீங்க காட்டுறது ஆட்டுக்குட்டி நீளம்.

கில்பர்ட்: காலையிலிருந்து குட்டியவே தூக்கித் தூக்கி, கை அப்படியே விரிஞ்சு நின்னுடுச்சு. இவ்வளவு இருக்கும்.

தெர்சா: ஈயை எப்படிப் போட்டீங்க?

கில்பர்ட்: எப்படின்னா... எல்லாரும் போடுற மாதிரிதான். தண்ணி மேல அப்படியே மிதக்க விட்டு...

தெர்சா: மிதக்க விட்டீங்களா!

கில்பர்ட்: விடக் கூடாதா?

தெர்சா: நான் கட்டுறது மூழ்குற ஈ. அதுக்குத்தானே இவ்வளவு மெத்துன்னு இறகு தேடுறோம்? தண்ணிக்குள்ள போனா இது விரியும், சுருங்கும், விரியும்... மூச்சு விடுற மாதிரி. அதைப் பாத்துத்தான் மீன் நிஜப் பூச்சின்னு ஏமாறுது.

கில்பர்ட்: மிதந்துச்சு, அப்புறம் மூழ்குச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க குறுக்க பேசிட்டீங்க.

தெர்சா: தப்புதான். மன்னிச்சுக்குங்க. இந்தாங்க, ரொட்டி. நேத்து சாயங்காலம் நான் பிடிச்ச மீன். வெண்ணெயில வதக்கி நடுவுல வச்சிருக்கேன்.

கில்பர்ட்: ஐயோ, வேண்டாம். வீட்ல இப்பத்தான் சாப்பிட்டேன்.

தெர்சா: அஞ்சு மீன் பிடிச்ச ஆளு ஒரு வாய் தின்ன மாட்டீங்களா?

கில்பர்ட்: திங்கலாம்... திங்கிறேன். ம். ம்ம்.

தெர்சா: எப்படி?

கில்பர்ட்: பிர... மாதம்.

தெர்சா: உங்க நாய் ஏன் மேசைக்கு அடியில அப்படி வாலாட்டுது?

கில்பர்ட்: ஜெஸ்ஸுக்கு இந்தக் கடைன்னா சந்தோஷம். ஏய் ஜெஸ், நீ வெளிய போய் உக்காரு. போ.

தெர்சா: அதைப் பாருங்களேன்.

கில்பர்ட்: எதை?

தெர்சா: நாயை ‘நீ’ங்கிறீங்க. ஆட்டை ‘நீ’ங்கிறீங்க. ஞாயித்துக்கிழமை அக்கரை சேப்பல்ல முட்டி போட்டு சாமியவே ‘நீ’ன்னுதான் கூப்பிடுறீங்க. இந்தப் பள்ளத்தாக்குல எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான். என்னை மட்டும் ‘நீங்க’, ‘மிஸ் ஆல்டர்சன்’. ராணிக்கு அடுத்து நான்தான்.

கில்பர்ட்: அது மரியாதை.

தெர்சா: மரியாதையா, பயமா?

கில்பர்ட்: பாதி பாதி.

தெர்சா: நீங்க விட்டாத்தானே நான் விட முடியும்? நானும் மூணு வருஷமா ‘வாங்க, போங்க’ன்னு வாய் வலிக்கப் பேசிக்கிட்டு இருக்கேன்.

கில்பர்ட்: அது என்ன கவர், தராசு மேல?

தெர்சா: பேச்சை மாத்துங்க. அது எங்க அக்காவுக்கு.

கில்பர்ட்: ஸ்கார்பரோல கடலோரமா விடுதி வச்சிருக்காங்களே, அவங்களா?

தெர்சா: எனக்கு ஒரே அக்காதான். மாடியில ரெண்டு ரூம் எனக்குன்னு ஒதுக்கி வச்சிருக்காளாம். ‘அப்பாவும் போய் நாலு வருஷம் ஆச்சு, அங்க தனியா என்ன பண்றே, கிளம்பி வா, ரெண்டு பேருமா விடுதியப் பாத்துக்கலாம்’னு கிறிஸ்மஸ்லருந்து எழுதுறா. இந்த வாரத்துக்குள்ள பதில் வரலேன்னா வேற ஆள் வச்சுக்குவாளாம்.

கில்பர்ட்: பதில்...

தெர்சா: எழுதியாச்சு. ஒட்டியாச்சு. பதினொன்றரை பஸ்ல வில்ஃப் கொண்டு போயிடுவான்.

கில்பர்ட்: என்னன்னு எழுதி...

தெர்சா: அடுத்தவங்க கடிதத்துல என்ன இருக்குன்னு தபாலாபீஸ்லயே வந்து கேக்குறீங்களே!

கில்பர்ட்: கேக்கல. சும்மா... கடல்ல ட்ரௌட் கிடையாது, தெரியுமா?

தெர்சா: தெரியும்.

கில்பர்ட்: அப்ப ஈ கட்டுற வேலையே இருக்காது.

தெர்சா: இருக்காது. காலையில எழுந்திரிச்சா இருபது பேருக்கு முட்டை பொரிக்கிற வேலை இருக்கும்.

கில்பர்ட்: முட்டை பொரிக்கிறது உங்களுக்குப் பிடிக்குமா?

தெர்சா: பிடிக்காது. எனக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காதுன்னு யாரு கேக்குறா? நீங்க கேக்குறீங்களா?

கில்பர்ட்: மழை வரும் போலிருக்கு.

தெர்சா: வரும். நல்லா வரும்.

வில்ஃப்: வந்தாச்சு, வந்தாச்சு! மழையும் வந்தாச்சு, பஸ்ஸும் வந்தாச்சு! தெர்சா, பை ரெடியா? அட, கில்பர்ட்டா! வாசல்ல ஜெஸ்ஸப் பாத்தப்பவே நினைச்சேன். ஏம்ப்பா, அந்த இறகு போதுமா? காவல்காரன்கிட்ட மிச்சம் இருந்ததே அவ்வளவுதான். குறைஞ்சதுக்கு எம்பொண்டாட்டி அவ கோழியிலருந்து நாலு பிடுங்கி...

கில்பர்ட்: வில்ஃப்! பஸ் உருளுது பாரு!

வில்ஃப்: நிக்குதே.

கில்பர்ட்: நல்லா பாரு.

வில்ஃப்: கல்லு மாதிரி நிக்குது. என்ன தெர்சா, இவன் மூஞ்சி ஏன் இப்படிச் செவந்து கிடக்கு?

தெர்சா: பரண்ல கொஞ்சம் வெயில் பட்டிருக்கும். வில்ஃப், அந்த ரெண்டு பார்சலையும் முதல்ல ஏத்து. தபால் பையை அப்புறம் வந்து எடுத்துக்கோ.

வில்ஃப்: பத்து நிமிஷம்தான். அதுக்கு மேல நிக்க மாட்டேன். இன்னைக்கு வண்டியில கோழிக்குஞ்சு இருக்கு, கத்தியே கொல்லுது.

தெர்சா: ம். அப்ப நடுங்கிட்டு நிக்கிறது வில்ஃப் வீட்டுக் கோழி.

கில்பர்ட்: வில்ஃபுக்கு ஞாபகம் போயிட்டு வருது. வயசாச்சு இல்ல?

தெர்சா: ஆச்சு, ஆச்சு. நமக்கும்தான் ஆகுது.

கில்பர்ட்: மிஸ் ஆல்டர்சன்... ஒண்ணு கேக்கலாமா?

தெர்சா: கேளுங்க!

கில்பர்ட்: ஒரே ஒரு... ஒரே ஒரு ஈ கட்டுங்களேன். பஸ் கிளம்புறதுக்குள்ள.

தெர்சா: ஈயா?

கில்பர்ட்: ஈதான்.

தெர்சா: ...சரி. எந்த ஈ? உள்ளான் இறகுல ஊதா நூலா, கௌதாரி இறகுல ஆரஞ்சு நூலா?

கில்பர்ட்: ஆரஞ்சு. முதல் தடவை குடுத்தது அதுதான்.

தெர்சா: ஞாபகம் இருக்கா?

கில்பர்ட்: இருக்கு. நீங்க நீல ஸ்வெட்டர் போட்டிருந்தீங்க. முழங்கையில கிழிஞ்சிருந்துச்சு.

தெர்சா: மீனைத் தவிர மத்ததெல்லாம் சரியா ஞாபகம் வச்சிருக்கீங்க. அந்தப் பட்டு நூல் கண்டை இப்படித் தள்ளுங்க. மெழுகு... இந்தா இருக்கு.

கில்பர்ட்: உள்ளங்கையில வச்சு ஏன் மூடிக்கிறீங்க?

தெர்சா: செருப்புத் தைக்கிறவன் மெழுகு இது. சூடு பட்டாத்தான் இளகும். இதுல நூலை நாலு தடவை இழுத்தா, பாருங்க, பளபளன்னு இருந்த ஆரஞ்சு எப்படி மங்கிப் போச்சு! மங்கினாத்தான் மீனுக்குப் பிடிக்கும். ரொம்ப மினுக்கினா கிட்டயே வராது.

கில்பர்ட்: அந்தத் தூண்டில் முள்ளை வேற டப்பாவுலருந்து எடுக்குறீங்க?

தெர்சா: ஆமா. உங்களுக்கு எப்பவும் இந்த டப்பாவுலருந்து. இன்னைக்கு அதுலருந்து.

கில்பர்ட்: ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

தெர்சா: அவ்வளவு மீன் பிடிச்சவருக்குத் தெரியாததா? ...நூலை இப்படிச் சுத்திக்கிட்டே முள்ளோட பாதி உடம்பு வரைக்கும். அதுக்குக் கீழ போகக் கூடாது. பொடி உடம்புதான் அழகு. திரும்ப மேல. இப்ப இறகு. அடியில இருக்கிற பஞ்சைப் பிச்சுப் போட்டுட்டு, நுனியைப் பிடிச்சு... ஒரு சுத்து... ரெண்டு சுத்து. போதும்.

கில்பர்ட்: இன்னொரு சுத்து சுத்துங்களேன்.

தெர்சா: எதுக்கு?

கில்பர்ட்: இறகு மிச்சம் இருக்கே.

தெர்சா: இருந்தா? ரெண்டு சுத்துக்கு மேல வேண்டாம். ஆசைப்பட்டு இன்னொரு சுத்து, இன்னும் ஒரு சுத்துன்னு போனா, ஈ பாத்திரம் கழுவுற பிரஷ் மாதிரி ஆகிடும். தண்ணிக்குள்ள அசையாது, மூச்சு விடாது. புதுசாக் கட்டுறவங்க எல்லாரும் செய்யிற தப்பு அதுதான். எங்க நிறுத்தணும்னு தெரியாது.

கில்பர்ட்: மெதுவா முடிச்சாப் போதும். அவசரம் இல்ல.

தெர்சா: பஸ் நிக்குது, அவசரம் இல்லங்கிறீங்க. கில்பர்ட், ஈக்கு ரெண்டு சுத்து. ஆனா மனுஷன் ஒரு வார்த்தை சொல்றதுக்கு மூணு வருஷமா சுத்திச் சுத்தி வந்தா, அதுக்கு என்ன பேரு?

கில்பர்ட்: யாரு சுத்துறா?

தெர்சா: யாரோ. முடிச்சுப் போட்டாச்சு. இந்தாங்க. கையை நீட்டுங்க.

கில்பர்ட்: எவ்வளவு அழகா... ஆ! ஆ!

தெர்சா: என்னாச்சு?

கில்பர்ட்: குத்துது!

தெர்சா: என்ன குத்துது?

கில்பர்ட்: இந்த ஈதான்! மிஸ் ஆல்டர்சன், இதுல ஏதோ தப்பு இருக்கு. பாருங்க, இந்த முனை ஊசி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. ரத்தமே வந்துடுச்சு!

தெர்சா: முன்னாடி குடுத்ததெல்லாம் குத்தலையா?

கில்பர்ட்: ஒண்ணு கூடக் குத்தல! அதைத்தான் வீட்ல நினைச்சுப்பேன், என்னமா கட்டுறாங்க, கைக்கு எவ்வளவு இதமா இருக்குன்னு... ஏன் சிரிக்கிறீங்க?

தெர்சா: இருங்க... இருங்க, மூச்சு விட்டுக்கிறேன்... கில்பர்ட், தூண்டில்னா குத்தும். குத்தினாத்தான் அது தூண்டில்.

கில்பர்ட்: எல்லாமேவா?

தெர்சா: எல்லாமே. உங்களுக்குக் குடுத்ததைத் தவிர. உங்களுக்குக் கட்டுற முள்ளுல மட்டும் முனையைக் குறட்டால நறுக்கிட்டுத்தான் குடுப்பேன்.

கில்பர்ட்: ...எப்பலருந்து?

தெர்சா: மூணு வருஷமா. முதல் ஈயிலயே தெரியாம நடந்துச்சு. குறடு வழுக்கி முனை ஒடிஞ்சுடுச்சு. நான் கவனிக்கல, உங்க பொட்டலத்துல போயிடுச்சு. அப்புறம் பாத்தா ஒடிஞ்ச துண்டு மேசை மேல கிடக்கு. ஐயோ, நல்ல மனுஷன், ஆத்துல போய் நின்னு ஏமாந்து வருவாரேன்னு வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்ல. வெள்ளிக்கிழமை வந்தீங்க. மன்னிப்புக் கேக்க வாயைத் திறக்கிறேன், நீங்க சொல்றீங்க, ‘அதுலதான் ஆறு மீன் விழுந்துச்சு’ன்னு.

கில்பர்ட்: ஆறுன்னா சொன்னேன்?

தெர்சா: ஆறு. அடுத்த வாரம் வேணும்னே நறுக்கினேன். ஏழு பிடிச்சீங்க.

கில்பர்ட்: அப்ப ஆரம்பத்துலருந்தே உங்களுக்கு...

தெர்சா: டிசம்பர்ல கூட வந்து வாங்கினீங்க. செப்டம்பர் முடிஞ்சா வசந்தம் வரைக்கும் ட்ரௌட்டைத் தொடவே கூடாது, கில்பர்ட். டிசம்பர்ல எட்டு பிடிச்சதா சொன்னீங்க. நான் போலீசுக்கா சொன்னேன்? சாயங்காலம் மழை இல்லேன்னா நான் ஆத்துலதான் நிக்கிறேன். ஒரு நாள் கூட உங்க பூட்ஸ் தடத்தைக் கரையில பாக்கல.

கில்பர்ட்: அப்புறம் ஏன் கட்டிக் குடுத்தீங்க?

தெர்சா: நீங்க ஏன் வாங்கினீங்க?

கில்பர்ட்: விரல் இன்னும் எரியுது.

தெர்சா: இன்னைக்கு வேணும்னுதான் முனை இருக்கிற முள்ளை எடுத்தேன். குத்துதுன்னு சொல்றீங்களா, இல்ல பல்லைக் கடிச்சுட்டுப் போய் அடுத்த வாரம் ஒன்பது மீன் பிடிக்கிறீங்களான்னு பாத்துடலாம்னு.

கில்பர்ட்: எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுல இருக்கு.

தெர்சா: ஈயா?

கில்பர்ட்: எல்லா ஈயும். ஒண்ணு கூடத் தண்ணியப் பாக்கல. சாயங்காலம் ஆட்டுக்குத் தீனி வச்சுட்டு வந்து திறந்து பாத்துட்டு மூடிடுவேன். அந்தப் பெரிய பனி விழுந்த வருஷம், தபால்தலை வாங்க வந்தேன் ஒரு தடவை. நீங்க ஜன்னலோரமா உக்காந்து கட்டிக்கிட்டு இருந்தீங்க. ‘என்ன வேணும்’னு கேட்டீங்க. எனக்குத் தபால்தலைங்கிற வார்த்தையே மறந்துடுச்சு. உங்க கையில இருந்ததைக் காட்டி ‘அது’ன்னுட்டேன். ‘மீன் பிடிப்பீங்களா’ன்னு கேட்டீங்க. ‘ஆமா’ன்னுட்டேன். அதுக்கப்புறம் எப்படி இல்லேங்கிறது?

தெர்சா: பிடிக்கத் தெரியாதுன்னு சொல்லியிருந்தா என்ன? நான் கத்துக் குடுத்திருப்பேன்.

கில்பர்ட்: தெரியாதது இல்ல. என்னால தண்ணி கிட்டப் போக முடியாது.

தெர்சா: முடியாதுன்னா?

கில்பர்ட்: எனக்குப் பத்து வயசு. அப்பா, அக்கரையில மாட்டிக்கிட்ட ஆட்டை ஓட்டி வரப் போனார். தண்ணி முழங்கால் அளவுதான் இருந்துச்சு. மேட்டுல பெஞ்ச மழை எங்களுக்குத் தெரியல. நான் கரையில நின்னுக்கிட்டு இருந்தேன். அவர் தொப்பி மட்டும்... சரி, விடுங்க. அன்னையிலருந்து மீன் வாசனையும் ஆகாது. அந்த ரொட்டியைக் கூட...

தெர்சா: ஜெஸ் தின்னுச்சு. தெரியும். உங்க அப்பா விஷயம் தெரியாது. மன்னிச்சுக்குங்க.

கில்பர்ட்: உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? நீங்க அப்ப இந்த ஊருக்கே வரலையே.

தெர்சா: கில்பர்ட்... ஒரு நிமிஷம். உங்க பண்ணை அக்கரையிலதானே இருக்கு?

கில்பர்ட்: ஆமா.

தெர்சா: அப்ப வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பாலத்தை எப்படித் தாண்டி வர்றீங்க?

கில்பர்ட்: கண்ணை மூடிக்குவேன்.

தெர்சா: மூடிக்கிட்டா?

கில்பர்ட்: ஜெஸ் கழுத்துக் கயித்தைப் பிடிச்சுக்குவேன். அது இழுத்துட்டு வந்துடும். பாலம் முடிஞ்சா ஒரு தடவை குரைக்கும். அப்ப கண்ணைத் திறப்பேன்.

தெர்சா: மூணு வருஷமாவா?

கில்பர்ட்: போகும்போதும் அப்படித்தான். மத்த சாமான் எல்லாம் வில்ஃப் கொண்டு வந்து போட்டுடுவான். நான் பாலம் தாண்டுறது இங்க வர மட்டும்தான். ஏன், அழுறீங்களா?

தெர்சா: மெழுகு கண்ணுல பட்டுடுச்சு.

வில்ஃப்: முடிஞ்சுது தெர்சா, கிளம்புறேன்! கோழிக்குஞ்சு சத்தத்துல எனக்குக் காதே போச்சு. பை எங்க? ஆங்... தராசு மேல இருக்கிற கவரும் இதுலதானே?

தெர்சா: அதுவும்தான். உள்ள போடு.

கில்பர்ட்: வில்ஃப்!

வில்ஃப்: என்ன?

கில்பர்ட்: கொஞ்சம் இரு.

வில்ஃப்: இருக்கேன். சொல்லு.

கில்பர்ட்: அது வந்து... அந்த...

வில்ஃப்: சொல்லுப்பா. சாயங்காலத்துக்குள்ள லேபர்ன் போய்ச் சேரணும்.

கில்பர்ட்: ஒண்ணுமில்ல. ரோடு ஈரமா இருக்கு. பாத்து ஓட்டு.

வில்ஃப்: நாப்பது வருஷமா ஈரத்துலதான் ஓட்டுறேன். வரேன் தெர்சா!

தெர்சா: போயிட்டு வா, வில்ஃப். கில்பர்ட், விரல்ல ரத்தம் நிக்கலையா? இங்க காட்டுங்க. துணி தரேன்.

கில்பர்ட்: கிளம்பிட்டான்.

தெர்சா: கிளம்பிட்டான். சரி, மீதி ரெண்டு இறகு இருக்கு. கட்டவா? இனிமே உங்களுக்கு வேண்டியிருக்காதே.

கில்பர்ட்: தெர்சா.

தெர்சா: ...என்ன சொன்னீங்க?

கில்பர்ட்: தெர்சா, நீ போகாதே. தப்பா சொல்லிட்டேனா?

தெர்சா: இன்னொரு தடவை சொல்லுங்க.

கில்பர்ட்: நீ போகாதே. ஸ்கார்பரோல நீ யாருக்கும் முட்டை பொரிக்க வேண்டாம். அந்தக் கையால ஈ கட்டு. அதே கையால என்னையும் கட்டிக்கோ. வீடு கொஞ்சம் குளிரும். சமையல்கட்டுல மட்டும் சூடு இருக்கும், இப்ப அங்க நாலு ஆட்டுக்குட்டி படுத்திருக்கு. ஆனா நீ ஆத்துல எவ்வளவு நேரம் வேணாலும் நில்லு. நான் கரையில டீ வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். தண்ணிக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் உக்காருவேன். ஆனா உக்காருவேன்.

தெர்சா: அம்மாடி! மூணு வருஷத்துப் பேச்சும் ஒரே மூச்சுல வந்துடுச்சே.

கில்பர்ட்: சரின்னு சொல்லு. இல்லேன்னா இல்லேன்னு சொல்லு.

தெர்சா: சரிங்கிறது இருக்கட்டும். கடிதம் போயிடுச்சே, கில்பர்ட்.

கில்பர்ட்: பஸ் சத்தம் இன்னும் கேக்குதே!

தெர்சா: பாலத்துக்குத் திரும்புற வளைவுல இருப்பான்.

கில்பர்ட்: பாலத்தைத் தாண்டினதும் பால் கேன் ஏத்த நிப்பான். அஞ்சு நிமிஷமாவது ஆகும். என் தொப்பி எங்க? வேண்டாம், விடு. ஜெஸ், நீ இங்கயே இரு! நீ வந்தா லேட்டாகும்.

தெர்சா: எங்க போற? பாலத்து மேலயா? நாய் இல்லாமலா?

கில்பர்ட்: ஓடினாப் பிடிச்சுடலாம். கண்ணை மூடிக்கிட்டு ஓட முடியாது. திறந்துக்கிட்டே ஓடுறேன்.

தெர்சா: நில்லு!

கில்பர்ட்: விடு தெர்சா, நேரமாகுது!

தெர்சா: நில்லுடா கில்பர்ட்! கதவை மூடு, மழை உள்ள அடிக்குது. அந்தக் கடிதத்தை நீ திருப்பிக் கொண்டு வந்தா மறுபடியும் நான்தான் உக்காந்து நேத்து எழுதினதையே எழுதணும்... ‘அக்கா, அங்க நான் வரல. ஜூன்ல நீதான் இங்க வரணும், சேப்பலுக்குப் போட்டுக்கிற மாதிரி நல்ல தொப்பியா ஒண்ணு வாங்கிக்கோ. மாப்பிள்ளைக்கு மீன் ஆகாது, அதனால விருந்துக்கு ஆட்டுக்கறிதான். அவர் இன்னும் என்னைக் கேக்கல. நாளைக்கு வெள்ளிக்கிழமை, எப்படியும் வருவார்.’